மெழுகு போடாத கதவு

எதைப் பார்த்தாலும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு. பதினாறு வருடமாகத் திருமழிசை தொழிற்பேட்டையில், இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் கோட்டிங் போடும் ஒரு பட்டறையில் தரம் பார்க்கிறவன் நான். அடுப்பிலிருந்து வெளியே வரும் நாற்காலிக் கால், மீட்டர் பெட்டி, விளக்குக் கூண்டு எல்லாவற்றையும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு கீறலோ, ஒரு குமிழோ, ஓரிடத்தில் பளபளப்புக் கம்மியோ தெரிந்தால் போதும், சிவப்பு வட்ட ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டித் தள்ளிவிடுவேன். அதில் எதுவும் எழுதக்கூட வேண்டாம். சிவப்பைப் பார்த்தாலே ரிஜெக்ட் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். இந்த வியாதி வெளியிலும் என்னை விடுவதில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் சோபாவின் கையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். என் மனைவி பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பாள்.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான், பெயின்ட் அடித்து முடித்த பிறகு அதை உப்புத்தாளால் வேண்டுமென்றே தேய்த்துக் கெடுக்கிற ஒரு வேலை வந்து குடியேறியது.

நாங்கள் இருப்பது முத்தாபுதுப்பேட்டையில், இரண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடு. இருவருக்கும் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். என் மனைவி அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில், கம்ப்யூட்டரில் வரும் படிவங்களைச் சரிபார்க்கும் வேலையில் ஒன்பது வருடம் இருந்தாள். போன வருடம் அந்த அலுவலகம் வேறு ஊருக்குப் போனது. போகும்போது இவளையும் இன்னும் பலரையும் விட்டுவிட்டுப் போனது. ஒரு மாதம் போல வீட்டில் சுருண்டு கிடந்தாள். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக்காரர் மொட்டைமாடியில் போட்டுவைத்திருந்த பழைய டீப்பாய் எங்கள் பால்கனியில் நின்றது. பக்கத்தில் மிச்சமிருந்த எமல்ஷன் டப்பா, ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாக் பவுடர், கலக்குவதற்கு என் ஷேவிங் கிண்ணம்.

"என்ன இது?" என்றேன்.

"சாக் பெயின்ட். எமல்ஷன்ல சாக் பவுடரக் குழைச்சு அடிச்சா, அடியில தேய்க்காமயே புடிச்சுக்குமாம். போன்ல பாத்தேன்."

"புடிக்கும், புடிக்கும். நாங்க ஆசிட்ல கழுவி, காய வெச்சு, அப்புறம் அடிக்கிறோம். அதுவே சமயத்துல உரிஞ்சு வருது. ஒரு மாசத்துல தோலு உரியுதா இல்லையான்னு பாரு."

"பாப்போம்."

பார்த்தேன். தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே போய்ச் சுரண்டிப் பார்த்தேன். ஒரு மாதம் ஆகியும் உரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

அடுத்தது பால் பெயின்ட். பாலைத் திரித்து, தண்ணீரை வடித்துவிட்டு, அந்தத் திரளில் நீற்றிய சுண்ணாம்பைப் போட்டுக் குழைத்தால் பசையாகும். அதில் கலர்ப் பொடி சேர்த்தால் பெயின்ட். கொழுப்பு எடுத்த பாலில்தான் செய்ய வேண்டும். அது பக்கத்துக் கடையில் இல்லை என்று, காபிக்கு வாங்கும் கெட்டிப் பாலிலேயே முதல் தடவை செய்துவிட்டாள். மறுநாள் விடிந்து பார்த்தால் பெயின்ட் அடித்த ஸ்டூலின் நான்கு காலிலும் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் எறும்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்துவிட்டது.

"முந்திரி போட மறந்துட்டியே," என்றேன்.

ஸ்டூலைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்தாள். ஆவடி மார்க்கெட் வரைக்கும் போய்க் கொழுப்பு எடுத்த பாலை வாங்கிவந்து திரும்ப அடித்தாள். காய்ந்த பிறகு ஓரங்களைத் தேய்த்து அங்கங்கே மரம் தெரியும்படி விட்டாள். நான் அன்று பட்டறையிலிருந்து வந்தபோது அந்த ஸ்டூல் கூடத்தின் நடுவில் நின்றது. பார்த்ததும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சிரிப்புக்காகத்தான் செய்தேன், ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அதன் தலையில் ஒட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. ஸ்டிக்கரை மெதுவாக உரித்தாள். பிரஷ் எல்லாம் போட்டுவைக்க ஒரு மரப்பெட்டி வைத்திருந்தாள். அதற்கும் வெள்ளையாகப் பால் பெயின்ட் அடித்திருந்தாள். அந்தப் பெட்டியின் மூடியில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த ஸ்டிக்கர் அங்கேயே இருந்தது. அவள் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. நான் பார்க்காதவன் மாதிரி இருந்தேன்.

என் மனசு மாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடிக்கு ஓர் அலமாரி கொண்டுவந்திருந்தாள், கீழ்வீட்டுக்காரர்கள் தூக்கிப் போட இருந்தது. பச்சை அடித்துக் காய்ந்திருந்தது. உப்புத்தாளைக் கையில் எடுக்காமல் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இந்தக் கதவத் தொறங்க."

திறந்தேன்.

"மூடுங்க. திரும்பத் தொறங்க. யோசிக்காம, சட்டை எடுக்கிற மாதிரி தொறங்க."

நான் கதவைத் திறக்க மூட, என் விரல் பட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டாள். கைப்பிடிக்கு அருகில் ஒன்று, கதவின் மேல் ஓரத்தில் ஒன்று, கீழே என் கால் இடித்த மூலையில் ஒன்று. பிறகு அந்த இடங்களில் மட்டும் தேய்த்தாள். பெயின்ட் சன்னமாகி, அடியிலிருந்த மரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

"அந்தப் பக்கத்து மூலையை ஏன் விட்டுட்ட? ரெண்டும் ஒரே மாதிரி இருக்க வேணாமா?"

"அது செவத்துப் பக்கம். அங்க யாரு கை படும்? இருவது வருசம் புழங்கினா எது தேயுமோ அதத்தான் தேய்க்கணும். சும்மா கண்ட எடத்துலயும் தேய்ச்சா அது வெறும் கீறலு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீறல் என்றால் குற்றம் என்பதைத் தவிர அதைப்பற்றி நான் வேறெதுவும் யோசித்ததே இல்லை. இவளோ எந்தக் கீறல் பொய், எந்தக் கீறல் மெய் என்று பிரித்துவைத்திருக்கிறாள். எங்கள் பட்டறையில் அப்படி ஒரு கண் உள்ள ஆளை நான் கண்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதன்பிறகு விடுமுறை நாட்களில் பால்கனியில் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தேன், எறும்பு ஏறிய அதே ஸ்டூலில். தேன்மெழுகை உருக்கி டர்பன்டைனில் கரைத்து டப்பாவில் வைத்திருப்பாள். பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய வேட்டித் துணியில் அதைத் துளி எடுத்து வட்டமாகத் தேய்ப்பாள். (என் வேட்டிகள் ஒவ்வொன்றாக எப்படிக் காணாமல் போயின என்பது அப்போதுதான் புரிந்தது.) சாக் பெயின்ட், பால் பெயின்ட் எல்லாமே மெழுகு போடுகிறவரை பார்க்க வெளிறி, மாவு பூத்த மாதிரி இருக்கும். மெழுகுத் துணி போன இடமெல்லாம் நிறம் ஆழமாகி எழுந்து வரும். பளபளப்பு இருக்காது, நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவர் முகம் போல ஒரு தெளிவு இருக்கும். கொஞ்ச நேரம் விட்டு வேறு துணியால் துடைப்பாள், தோள்பட்டையிலிருந்து கை போகும், முகத்தில் அவசரமே இருக்காது. படிவம் சரிபார்த்த ஒன்பது வருடத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"மெழுகு போடுற வரைக்கும் கைய வெக்காதீங்க," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள். "அது வரைக்கும் இது வாயத் தொறந்துக்கிட்டே இருக்கும். எது பட்டாலும் குடிச்சிரும்."

இத்தனையும் பார்த்தேனே தவிர, "நல்லாப் பண்ற" என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. பதினாறு வருடம் குறை சொல்லியே சம்பளம் வாங்கிய வாய்.

அப்போதுதான் முதல் வெளி வேலை வந்தது. என் மனைவி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ஓர் அக்கா பூந்தமல்லியில், பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தவர், மெயின் ரோட்டுக்கு அருகில் கடை பிடித்திருந்தார். அவருடைய அம்மா துணிமணி வைத்திருந்த இரண்டு கதவு மர பீரோ ஒன்று இருந்தது. அம்மா இப்போது இல்லை. வார்னிஷ் கறுத்துப்போய் வீட்டில் ஒரு மூலையையே இருட்டாக்கிக்கொண்டிருந்தது. அதைக் கடையின் முன்பக்கம் வைத்து, தைத்து முடித்த துணிகளை அடுக்க ஆசைப்பட்டார். ஆயுத பூஜை முடிந்த வெள்ளிக்கிழமை கடை திறப்பு.

அதே வாரம் அம்பத்தூரில் வேறோர் அலுவலகத்திலிருந்து அவளுக்கு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய வேலை மாதிரியேதான், அதே படிவங்கள். கடை திறப்புக்கு அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். அன்று சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவியபடியே சொன்னாள்.

"இந்த பீரோ அக்காவுக்குப் புடிச்சிருந்தா நான் அந்த வேலைக்குப் போகல. இதையே பாக்குறேன். புடிக்கலன்னா திங்கக்கிழம காலைல ரயிலு."

"ரெண்டுல எது உனக்கு வேணும்?"

"எனக்கு எது வேணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனாலும் "யோசிச்சு முடிவு பண்ணு" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவைத்தேன்.

பீரோ எங்கள் வீட்டுக்கு வந்ததும், பால் பெயின்டுக்கு வெறும் மரம் வேண்டும் என்று அந்தக் கறுத்த வார்னிஷை இரண்டு வாரம் சுரண்டி எடுத்தாள். துணிக்குப் போடும் நீலப் பொடியில் விளக்குக் கரி சேர்த்து ஒரு சாம்பல் நீலம் கலந்தாள். அதற்கு முன்பே பூந்தமல்லிக்குப் போய், அந்த அக்காவைப் பீரோவைத் திறந்து மூடச் சொல்லி சாக்பீஸ் கோடு போட்டு, அந்த இடங்களை ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெயின்ட் அடித்தாள், தேய்த்தாள். திங்கட்கிழமை ஆயுத பூஜை. அன்று வேலை செய்யக்கூடாது. செவ்வாய்க்கிழமை மெழுகு.

பட்டறையில் சனிக்கிழமையே பூஜை முடிந்துவிட்டது. அடுப்பு, ஸ்ப்ரே துப்பாக்கி, தராசு, என் ஸ்டிக்கர் சுருள் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். திங்கட்கிழமை காலை வீட்டில் வண்டி, மிக்சி, அரிவாள்மனை என்று வைத்துக்கொண்டே வந்தேன். என் மனைவி அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். தட்டோடு பால்கனிப் பக்கம் வந்தேன். பிரஷ் பெட்டியின் மூடியில் அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ, உட்கார்ந்து அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒரு துளி பாக்கியில்லாமல், பசையோடு. அந்த இடத்தில் வட்டமாக மஞ்சள் வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். சந்தனம் தீர்ந்துபோய், மஞ்சளைத்தான் குழைத்திருந்தேன். ஒவ்வொரு பிரஷ் பிடிக்கும் வைத்தேன். மனசு நிறைந்துபோய் இருந்தது. வாயால் சொல்லாததை விரலால் சொல்கிற மாதிரி. அந்த நிறைவிலேயே எழுந்து, பீரோவின் இரண்டு கதவிலும் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு வட்டம் இட்டு, குங்குமமும் வைத்துவிட்டேன்.

கையை எடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. மஞ்சள் மஞ்சளாக இல்லை. என் கண்முன்னாலேயே சிவந்துகொண்டிருந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் யாருக்குத் தெரியாது? ஆரத்தி கரைப்பதே அப்படித்தான். பால் பெயின்டில் சுண்ணாம்பு இருக்கிறது, மெழுகு போடாத கதவு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, இரண்டும் எனக்குத் தெரியும். இரும்பிலேயே பழகிய கைக்குத் தெரியவில்லை. அங்கே எதை வைத்தாலும் மறுநாள் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பதறிப்போய் இங்கேயும் ஈரத்துணியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். இடது கதவில் சிவப்பு ஒரு முழம் நீளத்துக்கு இழுவிக்கொண்டு போனது.

"தண்ணி தொடாதீங்க!"

பின்னால் சுண்டல் கிண்ணத்தோடு நின்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து கதவைப் பார்த்தாள். வைத்தது யார் என்று கேட்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். குனிந்து பிரஷ் பெட்டியைப் பார்த்தாள், ஸ்டிக்கர் இருந்த இடத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால் தேவலை. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது, அவள் முடிவு முழுக்க அந்த இரண்டு கதவில் இருந்தது. அதில் நான் கைவைத்துவிட்டேன். செத்துப்போகலாம் போல இருந்தது.

"மேலயே இன்னொரு கோட்டு அடிச்சிரலாமா?" என்றேன்.

"கறை மேல ஏறி வந்துரும்." குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள். "வெள்ளைத் துணில மஞ்சக் கறை பட்டா என்ன பண்ணுவோம்?"

"வெயில்ல போடுவோம்."

"ஸ்க்ரூட்ரைவர் எடுங்க."

கதவுகளைக் கழற்றி இரண்டு பேருமாக மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனோம். ஐப்பசி பிறக்கிற நேரம். வானம் எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை முழுக்க மூட்டம். செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை தூறல் போட்டு, தார்ப்பாயோடு இரண்டு தடவை மாடிக்கு ஓடினேன். மற்ற வீட்டுக்காரர்கள் துணி எடுக்க வந்தவர்கள், கதவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்த என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். புதன்கிழமை காலையில் பட்டறைக்குப் போன் செய்து லீவு சொன்னேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் ஒரு சாமானை ரிஜெக்ட் ஆக்கிவிட்டேன் என்றேன். எதிர்முனையில் நம்பவில்லை.

அன்று நல்ல வெயில் அடித்தது. கதவுகளை வெயிலுக்குத் தக்கபடி திருப்பி வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் வெச்சீங்க?" என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டே.

"பட்டறைல மிஷினுக்கெல்லாம் வெக்கிறேன். நீ பண்றது அதவிடப் பெரிய வேலை. எனக்கே வராத வேலை. அதான்..."

"இத வாயால சொல்லிருந்தா கதவு தப்பிச்சிருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. நானும் அசடு வழியச் சிரித்தேன்.

மத்தியானத்துக்குள் மஞ்சள் போய்விட்டது. இழுவிய சிவப்பும் போய்விட்டது. நடுவிலிருந்த குங்குமப் பொட்டு மட்டும் போகவில்லை. கடையில் வாங்கிய குங்குமம், அதில் என்ன சாயமோ, வெயிலுக்கு அசையவில்லை. துளி பெயின்ட் புதிதாகக் குழைத்து ஓரத்தில் தொட்டுப் பார்த்தாள், காயக் காய ரோஸ் நிறமாக மேலே வந்தது.

"இதுக்கு அரக்கு பாலிஷ்தான். அது அடைச்சிரும். வாங்கிட்டு வர்றீங்களா?"

வண்டியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் ஒரு நாற்காலியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாத்துக்கு நைனா அரக்கு?"

"ஒரு கதவுல குங்குமம் பட்டுருச்சு. அடைக்கணும்."

"எம்மாம் பெரிய கதவு?"

"கதவு பெருசு. பொட்டு சின்னது. ரெண்டு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரெண்டு பொட்டுக்கு லீவு போட்டுகினு வந்துகிறியா? பூஜை போட்டது நீதானா?" என்று கேட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "ஊட்ல ஒண்ணும் சொல்லலையா? கொடுத்துவெச்சவன்யா நீ."

அரக்கு நிமிடத்தில் காய்ந்தது. அந்த இடத்தை லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினாள். அடுத்த தொல்லை, நிறம். பால் பெயின்ட் ஒரு நாளைக்கு மேல் தாங்காது, கெட்டுப்போகும். முதலில் கலந்தது எப்போதோ கொட்டியாகிவிட்டது. புதிதாகக் கலந்து, பீரோவின் உடம்போடு கதவு சேர வேண்டும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். அட்டைத் துண்டுகளில் தீற்றி மின்விசிறியில் காயவைத்து வரிசையாக அடுக்கினாள். அடுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்துச் சொல்லுங்க."

இந்த வேலையில் அவள் என் அபிப்பிராயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜன்னல் பக்கம் அட்டையை எடுத்துப் போய் பீரோவின் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். பட்டறையில் இருக்கிற கவனத்தைவிட அதிகமாகப் பார்த்தேன். நீலம் தூக்கல், கரி தூக்கல், கிட்ட வந்துருச்சு, இன்னும் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு. கடைசியில் ஓர் அட்டையை பீரோவில் வைத்தபோது அதன் ஓரம் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

"இதான்," என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் பிரஷ்ஷை எடுத்தாள்.

வியாழக்கிழமை மாலை மெழுகு போட்டு முடித்தாள். வெள்ளிக்கிழமை காலை குட்டியானை வண்டியில் ஏற்றி, கயிறு உரசாமல் இருக்க என் கடைசி வேட்டியையும் சுற்றி, பூந்தமல்லி கொண்டுபோய் இறக்கினோம். கடை வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அந்த அக்கா துப்பட்டாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். பீரோவைச் சுற்றி வேட்டி இருக்கும்போதே என் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, பாக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். ஒரு தப்பு நடந்துபோச்சு. பூஜைக்கு இவரு ரெண்டு கதவுலயும் குங்குமம் வெச்சுட்டாரு. உங்களக் கேக்காம வெச்சது தப்புதான். எடுத்துட்டேன். இருந்தாலும் உங்ககிட்ட சொல்லணும்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தப் பெயின்ட் வேலையே வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டவள், முதல் வார்த்தையாகக் குற்றத்தைச் சொல்கிறாள். என் மனைவி என்பதில் எனக்கு அன்று இருந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்த அக்கா வேட்டியை விலக்கிவிட்டு இரண்டு கதவையும் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தார்.

"எங்க?"

"நடுவுல."

"இன்னா தங்கச்சி நீ, சொல்லாங்காட்டி எனக்குத் தெரியவா போவுது? என்னாண்ட வேலை செய்ற பொண்ணுங்க வருசா வருசம் மிஷினுக்குப் பொட்டு வெக்கிதுங்க. அது இரும்பு, தொடச்சா பூடுது. இத எப்டிமா எடுத்த?"

"வெயில்ல வெச்சோம்."

அவர் சிரித்துக்கொண்டே இடது கையால் கதவைத் திறந்தார். திறந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கதவின் ஓரத்தில், கைப்பிடி இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிற இடத்தில் அவருடைய நான்கு விரலும் இருந்தன. கையை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"எங்கம்மா இங்கதான் கை வெச்சுத் தொறக்கும்," என்றார். "கைப்புடி எப்பவோ ஒடஞ்சிப்போச்சு. அத்தொட்டு இங்கியே புடிச்சி இஸ்க்கும். எனக்கும் அதே பழக்கம். நான் உன்னாண்ட இத சொல்லவேல்லியே."

"நீங்க தொறந்தீங்கல்ல, அப்பப் பாத்தேன்," என்றாள் என் மனைவி.

அவர் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் டீ இருந்தது.

"கல்லா மேஜை ஒண்ணு கீது, ஸ்டூலு ரெண்டு கீது. போறப்ப வண்டில ஏத்திகினு போ. அண்ணனாண்ட மட்டும் குடுக்காத."

குட்டியானையில் திரும்பும்போது அவள் கல்லா மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்பத்தூர் அலுவலகத்துக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னாள்.

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பால்கனியில் உப்புத்தாள் சத்தம் கேட்டது. ஷூவைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது அங்கே பிரஷ் பெட்டி இருந்தது. எப்போதும் பால்கனியில் வெயிலில் கிடக்கிற பெட்டி அது. அதை எதற்கு இருட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று இழுத்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் நான் வைத்த வட்டம், காய்ந்து கொஞ்சம் பழுப்பேறி, சிவப்பாக அப்படியே இருந்தது. பழக்கதோஷம், கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். வரவில்லை. அதன் மேல் மெழுகு போட்டிருந்தாள்.